டி4 தொடக்கத்தில் ஒரு போட்டி ஆட்டம்: முதல் நகர்விலிருந்து கையெழுத்து வரை

சதுரங்கத்தில் டி4 ஆடுபவர்கள், அதாவது ராணிக்கு முன் உள்ள சிப்பாயை முதல் நகர்விலேயே இரண்டு கட்டம் தள்ளுபவர்கள், ஆட்டத்தைத் தோற்பது பெரும்பாலும் நகர்வு தெரியாமல் அல்ல. தெரிந்த நகர்வைத் தவறான வரிசையில் ஆடுவதால்தான். இந்த வழிகாட்டி வெள்ளைக் காய்களுடன், 90 நிமிடமும் நகர்வுக்கு 30 விநாடி கூடுதலும் கொண்ட ஓர் ஆட்டத்தை முழுக்க நடத்திச் செல்லும் முறையைச் சொல்கிறது. முதுகெலும்பாக எடுத்துக்கொண்டது ராணி கேம்பிட்டின் (1. டி4 டி5 2. சி4 என்று தொடங்கும் ஆட்டத்தின்) பரிமாற்ற வகை, அதாவது வெள்ளை விரைவிலேயே டி5-இல் வெட்டிச் சிப்பாய்களைப் பரிமாறுவது. பாதி ஆட்டங்களாவது வேறு கிளைக்குப் போகும். அதற்கும் கீழே பதில் இருக்கிறது.

குறியீடு: காயின் பெயர், பிறகு அது போய்ச் சேரும் கட்டம். 'குதிரை எஃப்3' என்றால் குதிரை எஃப்3 கட்டத்துக்குப் போகிறது. கட்டம் மட்டும் எழுதியிருந்தால் அது சிப்பாய். 'குதிரை பிடி7' என்று இரண்டு எழுத்து இருந்தால், முதல் எழுத்து காய் எந்த வரிசையிலிருந்து வருகிறது என்பதைக் காட்டும்: பி வரிசைக் குதிரை டி7-க்குப் போகிறது. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் (1...டி5) அது கறுப்பின் நகர்வு. × என்றால் வெட்டு. மூலைக் காயை யானை என்றும், குறுக்காகப் போகும் காயைப் பிஷப் என்றும் எழுதியிருக்கிறோம்.

1. முந்தைய நாளே முடிக்க வேண்டியவை

கறுப்பின் ஆறு பதில்களுக்கு உங்கள் முதல் ஐந்து நகர்வுகள் மனத்தில் இருக்க வேண்டும்: 1...டி5-க்குப் பிறகு இ6, சி6, சி4-இல் வெட்டு, 1...குதிரை எஃப்6-க்குப் பிறகு ஜி6, இ6, அப்புறம் 1...எஃப்5. ஐந்து போதும். பதினைந்து நகர்வு மனப்பாடம் செய்து வருபவர், எதிராளி ஆறாவதிலேயே விலகினால் அரை மணி நேரம் தவிப்பார். நகர்வை விடத் திட்டத்தைப் படியுங்கள்: எந்தச் சிப்பாய் எங்கே உடைக்கப்போகிறது, எந்தக் காயைப் பரிமாற வேண்டும், எதைக் காப்பாற்ற வேண்டும்.

போட்டி விதிமுறையில் இரண்டைத் தேடிப் பாருங்கள். ஒன்று, தாமதத்துக்கு எவ்வளவு அனுமதி. விதிமுறையில் எதுவும் குறிப்பிடாவிட்டால் அனுமதி பூஜ்யம்தான். இரண்டு, எத்தனையாவது நகர்வுக்கு முன் டிரா கேட்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டா.

2. பலகை முன் உட்கார்ந்ததும்

உங்கள் வலது கை ஓரக் கட்டம் வெளிர் நிறமா, வெள்ளை ராணி டி1-இல் இருக்கிறதா, கடிகாரத்தில் உங்கள் பக்கம் சரியான நேரமும் கூடுதல் விநாடியும் வைக்கப்பட்டிருக்கின்றனவா? மூன்றையும் பாருங்கள். கூடுதல் விநாடி சேர்க்காமல் ஓடும் கடிகாரத்தை நாற்பதாவது நகர்வில் கண்டுபிடித்தால் சிக்கல் பெரிது.

கைபேசி உடலில் இருக்கக் கூடாது, அணைத்து வைத்திருந்தாலும்கூட. பையில் வைக்கலாமா என்பதைப் போட்டி அமைப்பாளர் முடிவு செய்வார். அது ஒலித்தால் ஆட்டம் போயிற்று.

காயைச் சரிசெய்ய வேண்டுமென்றால் முதலில் 'சரிசெய்கிறேன்' என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது.

3. முதல் நான்கு நகர்வுகள்

1. டி4 டி5
2. சி4 இ6
3. குதிரை சி3 குதிரை எஃப்6
4. சி×டி5 இ×டி5

இரண்டாவது நகர்வில் சி4 ஏன்? டி5 சிப்பாயைத் தாக்குவதற்கு மட்டும் அல்ல. சி வரிசை பின்னால் உங்கள் யானைக்கு வேண்டும். குதிரையை முதலில் சி3-இல் வைத்துவிட்டால் சி சிப்பாய் அடைபட்டுவிடும். சி சிப்பாய் முதலில், குதிரை பிறகு: டி4 ஆட்டத்தில் இந்த வரிசை கிட்டத்தட்ட எப்போதும் பொருந்தும்.

நான்காவதில் பிஷப் ஜி5 ஆடிவிட்டு அடுத்து வெட்டலாமே என்று தோன்றும். அந்த ஒரு நகர்வு இடைவெளியில் கறுப்பு சி4-இல் வெட்டி ஆட்டத்தின் முகத்தையே மாற்ற முடியும். இந்தச் சிப்பாய் அமைப்பு வேண்டுமென்றால் இப்போதே வெட்டுங்கள். வெட்டும்போது ஒன்றைக் கொடுக்கிறீர்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும்: இ6 சிப்பாயால் அடைபட்டிருந்த கறுப்பின் சி8 பிஷப்புக்கு வழி திறக்கிறது. அடுத்த ஐந்து நகர்வுகளின் வேலை, அது எஃப்5-இல் வசதியாக உட்காராமல் தடுப்பதே.

கறுப்பு 4...குதிரை×டி5 என்று வெட்டினால் 5. இ4. குதிரை சி3-இல் வெட்ட, பி சிப்பாயால் திரும்ப வெட்டுங்கள். மையம் முழுதும் உங்களுடையது.

இங்கே தவறுவது: கறுப்பு மூன்றாவதில் குதிரை எஃப்6-க்குப் பதில் பிஷப் இ7 ஆடும். பார்க்க ஒன்றுபோல இருக்கும். 4. சி×டி5 இ×டி5 வரை சரி. அடுத்து கை பழக்கத்தில் பிஷப் ஜி5 ஆடினால், பிஷப்×ஜி5. ஒரு காய் சும்மா போனது. எஃப்6-இல் குதிரை இல்லை, இ7 பிஷப் நேராக ஜி5-ஐப் பார்க்கிறது. இந்த வரிசைக்கு 5. பிஷப் எஃப்4, பிறகு சி6 வந்தால் 6. ராணி சி2. மனப்பாடத்தில் ஓடுபவரைப் பிடிக்க இதைவிட எளிய வலை இல்லை.

4. கறுப்பு வேறு வழியில் போனால்

*சி4-இல் வெட்டினால் (2...டி×சி4).* 3. இ3 ஆடிச் சிப்பாயைத் திரும்ப எடுங்கள். கறுப்பு அதைக் காப்பாற்ற 3...பி5 ஆடினால் 4. ஏ4. அடுத்து 4...சி6 5. ஏ×பி5 சி×பி5 6. ராணி எஃப்3, ஏ8 யானை தாக்கப்பட்டுவிட்டது, குதிரையையோ பிஷப்பையோ இழக்காமல் அதைக் காக்க முடியாது.

*சி6 ஆடினால்.* சி4 சிப்பாயைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றால் 3. சி×டி5 சி×டி5 4. குதிரை சி3 குதிரை எஃப்6 5. பிஷப் எஃப்4. அமைதியான ஆட்டம். சலிப்பாக இருக்கிறது என்று பலர் ஒதுக்குகிறார்கள்; ஒரு போட்டியில் ஆறு ஏழு சுற்று ஆடவேண்டிய புதியவருக்கு இது நல்ல ஓய்வு.

*2...இ5 என்று பதிலடி கொடுத்தால்.* 3. டி×இ5 டி4. இங்கே 4. இ3 ஆடவே கூடாது: 4...பிஷப் பி4 செக், 5. பிஷப் டி2 டி×இ3, இப்போது 6. பிஷப்×பி4 ஆடினால் இ×எஃப்2 செக், 7. ராஜா இ2, அடுத்து எஃப்2 சிப்பாய் ஜி1 குதிரையை வெட்டி, தானும் குதிரையாகவே மாறி, செக் சொல்லும். 4. குதிரை எஃப்3 ஆடிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

*1...குதிரை எஃப்6 2. சி4 ஜி6.* 3. குதிரை சி3 பிஷப் ஜி7 4. இ4 டி6 5. குதிரை எஃப்3, கறுப்பு கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுதல்), 6. பிஷப் இ2 இ5. கறுப்பு இ5-இல் ஒரு சிப்பாயை இலவசமாகக் கொடுப்பதுபோல் தோன்றும். எடுக்காதீர்கள்: 7. டி×இ5 டி×இ5 8. ராணி×டி8 யானை×டி8 9. குதிரை×இ5 குதிரை×இ4 10. குதிரை×இ4 பிஷப்×இ5. சிப்பாய் திரும்பிவிட்டது, உங்கள் மைய ஆதிக்கமும் போய்விட்டது. ஏழாவதில் கேஸ்லிங் செய்யுங்கள்.

*1...குதிரை எஃப்6 2. சி4 இ6.* 3. குதிரை சி3 ஆடினால் கறுப்பு பிஷப் பி4 ஆடிக் குதிரையைக் கட்டும் (குதிரை நகர்ந்தால் பின்னால் உள்ள ராஜா தாக்கப்படும் என்பதால் அது நகர முடியாது); அதற்கு 4. இ3 திடமான பதில். அதைத் தவிர்க்க 3. குதிரை எஃப்3 ஆடுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: பிறகு டி5 வந்து பரிமாற்ற அமைப்புக்குப் போனாலும், குதிரை எஃப்3-இல் ஏற்கெனவே இருப்பதால் கறுப்பின் பிஷப் எஃப்5-ஐத் தடுப்பது கடினம். ஐந்தாம் பகுதியில் காரணம் வருகிறது.

*1...எஃப்5.* ஜி3, பிஷப் ஜி2, குதிரை எஃப்3, கேஸ்லிங். இ8–ஹெச்5 குறுக்குக் கோடு பலவீனம் என்பதற்காக உடனே ராணியை வெளியே எடுக்க வேண்டாம்.

5. ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரை: வரிசைதான் எல்லாம்

5. பிஷப் ஜி5 சி6
6. இ3 பிஷப் இ7
7. பிஷப் டி3, கறுப்பு கேஸ்லிங்
8. ராணி சி2 குதிரை பிடி7
9. குதிரை எஃப்3 யானை இ8
10. கேஸ்லிங், குதிரை எஃப்8

ஜி5 முதலில், இ3 பிறகு. இ3 ஆடிவிட்டால் சி1 பிஷப் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். புதியவர்களின் ஆட்டத்தாள்களில் அதிகம் தெரியும் ஒரே பிழை இது. முப்பதாவது நகர்விலும் அந்த பிஷப் சி1-இலேயே இருக்கும்.

டி3 முதலில், எஃப்3 பிறகு. ஏழாவதில் குதிரை எஃப்3 ஆடினால் கறுப்பு பிஷப் எஃப்5 ஆடி, தன் ஒரே மோசமான காயை நல்ல காயாக்கிவிடும். பிஷப் டி3-இல் இருந்தால் எஃப்5 கட்டம் உங்கள் கட்டுப்பாட்டில்; ராணி சி2 அதை உறுதி செய்கிறது. குதிரைக்கு அவசரமில்லை. அது எங்கே போகும் என்பதே அடுத்த பகுதியின் முடிவு.

ஆறாவதிலேயே கறுப்பு பிஷப் எஃப்5 ஆடிவிட்டால்? 7. ராணி எஃப்3. பிஷப் ஜி6-க்குப் போகும், 8. பிஷப்×எஃப்6 ராணி×எஃப்6 9. ராணி×எஃப்6 ஜி×எஃப்6. ராணிகள் போய்விட்டன, கறுப்பின் எஃப் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. நீண்ட, ஆபத்தில்லாத, உங்களுக்குச் சற்றுச் சாதகமான முடிவாட்டம். ராணி இல்லாவிட்டால் ஆட்டம் டிரா என்று நினைப்பவர்கள் இந்தக் கிளையை வீணடிக்கிறார்கள்.

கறுப்பு ஹெச்6 ஆடிக் கேட்டால் பிஷப்பை ஹெச்4-க்கு எடுங்கள். காரணமில்லாமல் எஃப்6-இல் வெட்டினால் இரண்டு பிஷப்களின் வலிமையைப் பரிசாகக் கொடுத்ததாகும்.

யானைப் பொறி. 5. பிஷப் ஜி5-க்குக் கறுப்பு சி6 ஆடாமல் குதிரை பிடி7 ஆடினால், டி5 சிப்பாய் காவலின்றி இருப்பதுபோல் தெரியும்: எஃப்6 குதிரை ராணிக்கு முன் கட்டப்பட்டிருக்கிறதே! 6. குதிரை×டி5 ஆடினால் 6...குதிரை×டி5. கட்டு உடைந்தது. 7. பிஷப்×டி8 பிஷப் பி4 செக். 8. ராணி டி2 ஒன்றே வழி. பிஷப்×டி2, ராஜா×டி2, ராஜா×டி8. கணக்குப் பார்த்தால் ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரையை இழந்திருக்கிறீர்கள். (பெயரில் யானை இருந்தாலும் இதில் ஒரு யானையும் அசைவதில்லை.) ராஜாவுக்கு முன் உள்ள கட்டுதான் முழுக் கட்டு, ராணிக்கு முன் உள்ள கட்டை எதிராளி விரும்பினால் உடைக்கலாம். டி5-ஐ விட்டுவிட்டு 6. இ3 ஆடுங்கள்.

கேஸ்லிங் செய்யும்போது ராஜாவை முதலில் தொட்டு, அதே கையால் யானையை நகர்த்துங்கள். யானையை முதலில் வேண்டுமென்றே தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால், அந்த நகர்வில் அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது.

6. ஒன்பதாவது நகர்வில் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே ஐந்து நிமிடமாவது செலவிடுங்கள். வழி இரண்டு.

குதிரை எஃப்3: ராணிப் பக்கம் பி சிப்பாயைத் தள்ளிச் சி6-ஐ உடைக்கும் திட்டம். உங்கள் இரண்டு சிப்பாய்கள் அவருடைய மூன்றைத் தாக்குவதால் இதற்குச் சிறுபான்மைத் தாக்குதல் என்று பெயர். மெதுவானது, தோற்பது அரிது.

குதிரை ஜிஇ2: எஃப்3, பிறகு இ4 என்று மையத்தை உடைக்கும் திட்டம். எஃப்3 கட்டம் சிப்பாய்க்கு வேண்டும் என்பதால் குதிரை அங்கே நிற்க முடியாது. வேகமானது, ஆனால் இ3-இல் ஓட்டை விழும்.

இரண்டையும் கலப்பதுதான் பெரும் பிழை. எஃப்3-இல் குதிரையை வைத்துவிட்டு, பாதியில் மனம் மாறி, குதிரையை டி2-க்கு இழுத்து எஃப்3 ஆடுபவர் நகர்வுகளை வீணாக இழக்கிறார். முதல் சில போட்டிகளுக்கு முதல் திட்டமே போதும்.

7. சிறுபான்மைத் தாக்குதல், படிப்படியாக

முதல் படி: 11. யானை ஏபி1. பி சிப்பாய் நகர்வதற்கு முன்பே யானை அதன் பின்னால் வர வேண்டும். பி4, பி5 இரண்டுக்கும் அதுவே ஆதரவு.

இரண்டாம் படி: கறுப்பின் ஏ சிப்பாயைப் பாருங்கள். ஏ5 ஆடியிருந்தால் ஏ3, பிறகு பி4. ஏ வரிசையில் பரிமாற்றம் நடக்கும், பயமில்லை. ஏ6 ஆடியிருந்தால் பி4, ஏ4, அதன் பின்னரே பி5. இரண்டும் ஆடவில்லையென்றால் நேராக பி4. எல்லா நிலைக்கும் ஏ3 ஆடுவது ஒரு நகர்வை வீணாக்கும்.

மூன்றாம் படி: பி5-க்கு முன் இரண்டு கணக்கு. பி5 கட்டத்தைத் தாக்குபவை எத்தனை, காப்பவை எத்தனை என்பது முதல் கணக்கு. இரண்டாவதைப் பலர் போடுவதில்லை: பி5-க்குக் கறுப்பு சி5 என்று முன்னே போனால் என்ன? அப்போது டி×சி5 வெட்டி, தனித்து நிற்கும் டி5-ஐத் தாக்குவதே உங்கள் பதில். அதற்குச் சி3 குதிரை அங்கேயே இருக்க வேண்டும். குதிரையை அவசரப்பட்டு ஏ4-க்கு அனுப்பியவருக்கு டி5-ஐத் தாக்க ஆள் இருக்காது.

நான்காம் படி: சி6-இல் வெட்டுதல். பி×சி6 பி×சி6 நடந்ததும் இலக்கு கிடைத்துவிட்டது. சி6 சிப்பாயை இனி வேறு சிப்பாய் காக்க முடியாது. இப்போதுதான் குதிரை ஏ4 வழியாக சி5-க்கு, எஃப்1 யானை சி1-க்கு.

ஐந்தாம் படி: கறுப்புக் கட்ட பிஷப்புகளைப் பரிமாறுங்கள். சி5 கட்டத்தைக் காப்பது கறுப்பின் இ7 பிஷப். ராஜா பக்கத் தாக்குதலில் ஹெச்2-ஐக் குறிவைக்கப் போவதும் அதே பிஷப். ஒரே பரிமாற்றத்தில் இரண்டும் தீரும். கறுப்பு குதிரை இ4 ஆடும் நேரமே வாய்ப்பு: பிஷப்×இ7 ராணி×இ7, பிறகு பி4. இ4 குதிரையை உடனே டி3 பிஷப்பால் வெட்ட வேண்டாம். சிப்பாய் இ4-க்கு வந்து உங்கள் எஃப்3 குதிரையை விரட்டும். அந்தச் சிப்பாயை நிச்சயமாக வெல்ல முடியும் என்றால் மட்டும் வெட்டுங்கள்.

உங்கள் பி4-க்கு எதிராகக் கறுப்பு பி5 ஆடித் தடுத்தால் திட்டம் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். சி6 இன்னும் பலவீனம், சி5 உங்கள் குதிரைக்கான இடம். ஆனால் அவருடைய குதிரை பி6 வழியாக சி4-க்கு வரும். ஏ4 ஆடிச் சிப்பாய்களைத் தொந்தரவு செய்யுங்கள். குதிரை சி4-இல் வந்து அமர்ந்தால் பிஷப்பால் வெட்டத் தயங்காதீர்கள்.

8. ராஜா பக்கத்தை மறக்காமல்

நீங்கள் ராணிப் பக்கம் போகும் நேரத்தில் கறுப்பு சும்மா இருக்காது. பிஷப் டி6, குதிரை ஜி6, யானை இ6: இதுவே வழக்கமான வருகை. எஃப்3 குதிரை ஹெச்2-இன் முதன்மைக் காவலர். அதைக் காரணமின்றி நகர்த்தாதீர்கள். ஜி3, ஹெச்3 போன்ற சிப்பாய் நகர்வுகளைத் தேவை வரும்வரை ஆடாமல் இருங்கள். தேவையில்லாத ஹெச்3, எதிராளியின் பிஷப் பலியிட ஒரு கொக்கி.

ஒவ்வொரு நகர்வுக்கும் முன் ஒரே கேள்வி: அவர் இப்போது என்ன செக் கொடுக்க முடியும், என்ன வெட்ட முடியும்?

9. கடிகாரமும் ஆட்டத்தாளும்

நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்துங்கள். நகர்வை ஆடிய பிறகே எழுதுங்கள். முன்கூட்டி எழுதுவது விதிமீறல், டிரா கோரும்போது மட்டும் விதிவிலக்கு. 30 விநாடி கூடுதல் இருக்கும் ஆட்டத்தில் கடைசி நிமிடத்திலும் எழுதியே ஆக வேண்டும்.

நேரப் பங்கீட்டுக்கு ஓர் அளவு: பத்தாவது நகர்வில் கையில் 80 நிமிடம், இருபதாவதில் 45, முப்பதாவதில் 20. ஐந்து நகர்வுக்கு ஒருமுறை மீதி நேரத்தை ஆட்டத்தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள். பிறகு ஆட்டத்தை அலசும்போது, எந்த இடத்தில் குழம்பினீர்கள் என்பதை நகர்வை விட அந்த எண்களே தெளிவாகக் காட்டும்.

எதிராளி விதிக்குப் புறம்பான நகர்வை ஆடிக் கடிகாரத்தை அழுத்தினால், கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழையுங்கள்; வாக்குவாதம் வேண்டாம். முதல் முறைக்கு உங்களுக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். அதே ஆட்டக்காரர் இரண்டாம் முறை செய்தால் பொதுவாக ஆட்டத்தை இழப்பார்.

10. முடிவாட்டமும் முடிவும்

சி6 பலவீனம் கையில் இருக்கும்போது ராணிப் பரிமாற்றம் உங்களுக்கு லாபம். கறுப்பின் தாக்குதல் அத்தோடு ஓயும். ஆனால் எல்லாக் காயையும் பரிமாறிவிடாதீர்கள். ஒரே ஒரு பலவீனத்தை ஒரு யானையும் ராஜாவும் காத்துவிடும், யானை முடிவாட்டம் டிராவில் நிற்கும். கறுப்பின் காய்கள் சி6-இல் கட்டுண்டு கிடக்கும்போது இ4 ஆடியோ, ராஜா பக்கச் சிப்பாய்களை முன்னேற்றியோ இரண்டாவது முனையைத் திறங்கள். இ4-க்கு முன் டி4 சிப்பாய் தனித்துப்போய் இலக்காகுமா என்று பாருங்கள்.

டிரா கேட்கும் வரிசை: நகர்த்துங்கள், கேளுங்கள், கடிகாரத்தை அழுத்துங்கள். எதிராளி யோசிக்கும்போது கேட்பது தொந்தரவு. ஒரே நிலை மூன்றாம் முறை உங்கள் அடுத்த நகர்வால் வரப்போகிறது என்றால், அந்த நகர்வைப் பலகையில் ஆடாதீர்கள். ஆட்டத்தாளில் எழுதி, நடுவரிடம் சொல்லுங்கள். ஆடிக் கடிகாரத்தை அழுத்திவிட்டால் கோரும் உரிமை எதிராளிக்குப் போய்விடும்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு ஆட்டத்தாளிலும் முடிவை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, அந்த முடிவு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்னொரு முறை படித்துவிட்டு எழுந்திருங்கள். கணினியில் போட்டுப் பார்ப்பதற்கு முன், உங்கள் தயாரிப்பு எந்த நகர்வில் முடிந்தது என்பதை ஆட்டத்தாளில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த சுற்றுக்குப் படிக்க வேண்டியது அந்தக் கோட்டிலிருந்து தொடங்குகிறது.